கர்பியூ என்றால் 'நெருப்பை மூடு'



வானொலி 'ஊரடங்குச் சட்டம்' என்று அறிவிக்கும். நாம் வீட்டில் 'கர்பியூ' என்றுதான் சொல்வோம். ஆங்கிலம் படிக்காத எமது மூத்தம்மாமாருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. பொருள் கேட்டால், "வெளியே போகக் கூடாது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு அந்தக் கருத்து இருக்கவில்லை.

அது பழைய பிரெஞ்சு மொழியின் இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது. ஒன்றுக்கு 'மூடு' என்று பொருள், மற்றதற்கு 'நெருப்பு'. ஆங்கிலத்தில் 'கவர்' என்கிறோமே, அதுவும் அதே 'மூடு'தான். நாம் 'லேஞ்சி' என்று சொல்லும் துணிக்கு ஆங்கிலத்தில் 'கர்ச்சீப்'. அது தலையை மூடுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. நமது 'லேஞ்சி' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்.

நெருப்பை ஏன் மூட வேண்டும்? அன்றைய ஐரோப்பிய ஊர்களில் வீடுகள் மரத்தாலானவை, கூரை வைக்கோல். ஒரு வீட்டு அடுப்பில் இருந்து ஒரு பொறி பறந்தால் தெருவே எரிந்துவிடும். அதனால் இரவில் மணி அடிப்பார்கள். மணி கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் தணலை மூடிவிட்டுப் படுக்க வேண்டும். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய முதலாம் வில்லியமே அங்கு இதைக் கட்டாயமாக்கினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காலப்போக்கில் அடுப்பு மறக்கப்பட்டது. மணிக்குப் பின் வெளியே நடமாடக் கூடாது என்பது மட்டும் மிஞ்சியது.

இது எமக்குப் புதிதல்ல. கிடுகு வீட்டுக் காலத்தில் நமது உம்மாமாரும் இரவில் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுத்தான் படுத்தார்கள். வீடும் பாதுகாப்பாக இருந்தது, காலையில் அடுப்பு மூட்ட நெருப்பும் இருந்தது.

மார்க்கத்திலும் இது உண்டு. இரவு வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும், கதவுகளைச் சாத்தவும், பாத்திரங்களை மூடவும், விளக்குகளை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடலாம் என்ற காரணமும் அதில் சொல்லப்படுகிறது. பாத்திரத்தை 'மூடுங்கள்' என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல்லும், பெண்கள் தலையை மூடும் 'கிமார்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மூடுவது என்றால் பாதுகாப்பது.

இனி நமது மாவட்டத்துக்கு வருவோம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை பரவியது. சிங்களம் சரியாகப் புரியாத ஊழியர் தலையாட்டியதைப் படம்பிடித்துக் கைபேசிகளில் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அறிக்கை வருமுன்பே திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மார்ச் 5ஆம் திகதி கண்டியில் கர்பியூ போட்டார்கள். நெருப்பை மூடும் சட்டம் நெருப்பு எரிந்த பின்னர்தான் வந்தது.

அடுத்த ஆண்டு எமது வாசலுக்கே வந்தது. 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருது. கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பொலிஸ் பிரிவுகளில் கர்பியூ. சிறு பிள்ளைகளும் பலியான அந்த இரவை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றை நமது பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வீட்டில் இருந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள்தான். நமக்குள் இருந்த நெருப்பை மூட முன்வந்தவர்களும் நம்மவர்களே. அதன் பின்னும் முழுச் சமூகத்தையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பது நாம் சுமந்த வேதனை.

சிங்களத்தில் இந்தச் சட்டத்தின் பெயர் 'இருட்டுச் சட்டம்' என்று பொருள்படும். தமிழில் ஊர் அடங்குவது. ஆங்கிலச் சொல்தான் அடங்க வேண்டியது ஊரா, நெருப்பா என்று கேட்க வைக்கிறது.

இன்று திரியை இழுத்துச் செல்லும் எலி நமது கைபேசிக்குள் இருக்கிறது. ஊர் பெயர் சொல்லி, இனத்தின் பெயர் சொல்லி ஒரு குரல்பதிவு வந்தால், அது உண்மையா என்று விசாரிக்காமல் அடுத்த குழுவுக்கு அனுப்பாதிருப்போம். அது தமிழ்ச் சகோதரரைப் பற்றியதாக இருந்தாலும் சரி, சிங்களச் சகோதரரைப் பற்றியதாக இருந்தாலும் சரி. பொலிஸ் ஒலிபெருக்கி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நமது அடுப்பை நாமே மூடுவோம்.

அல்லாஹ் நமது ஊர்களையும் அயலவர்களின் ஊர்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.