கர்ணம் காணும் பாடல்: கணக்கும் இலக்கணமும்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணப் போதையனார் என்னும் பெயரால் ஒரு பாடல் வழங்கி வருகிறது. ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, எஞ்சியதோடு உயரத்தின் பாதியைச் சேர்க்க என்பது அதன் பொருள். வர்க்கமும் வர்க்கமூலமும் இன்றிக் கர்ணம் கிடைப்பதால், இது பிதாகரசு தேற்றத்துக்கு முற்பட்டது, அதனினும் சிறந்தது எனப் பலர் எடுத்துரைப்பர். இக்கூற்றுகள் ஆராயத்தக்கன.

நீளம் 4, உயரம் 3 எனில் 3½ + 1½ = 5. நீளம் 12, உயரம் 5 எனில் 10½ + 2½ = 13. இவ்விரண்டோடு நிற்போர்க்கு விதி குறைவற்றதாகவே தோன்றும். நீளம் 15, உயரம் 8 எனில் விதி தருவது 17⅛; உண்மைக் கர்ணம் 17. நீளம் 24, உயரம் 7 எனில் 24½, உண்மை 25. இரண்டும் 8 எனில் 11. உண்மை ஏறத்தாழ 11.31.

விதி எங்கே பிழையின்றிப் பொருந்தும் என்பதைப் பள்ளி இயற்கணிதமே காட்டிவிடும். நீளம் அ, உயரம் ஆ எனக் கொண்டு, விதி தரும் தொகையின் வர்க்கத்தை அ² + ஆ² என்பதோடு சமப்படுத்தினால் 15அ² − 56அஆ + 48ஆ² = 0 என வரும். இதன் காரணிகள் (3அ − 4ஆ), (5அ − 12ஆ). ஆகவே 4:3, 12:5 என்னும் இரு விகிதங்களில் மட்டுமே விதி முற்றும் மெய். இவற்றுக்கு இடைப்பட்ட விகிதங்களில் விடை சற்று மிகும். அம்மிகை நூற்றுக்கு 0.8-ஐ எட்டாது. இத்துணைப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. அவ்விரு முக்கோணங்களையும் முன்னரே அறிந்த ஒருவர் அவற்றுக்கு இசையப் பின்னங்களைத் தேர்ந்தார் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின் பாடல் தேற்றத்துக்கு மாற்று அன்று. அதன் பயனை அறிந்தோர் வகுத்த சுருக்கவழி. அரைக்காலும் அரையும் எண்சுவடி பயின்ற சிறுவனுக்கும் கைவந்த பின்னங்கள் என்பதும் நோக்கத்தக்கது.

தோராய விதியை இழிவாகக் கருதுவது இந்தியக் கணித மரபுக்கு உடன்பாடன்று. பிரம்மகுப்தர் 628-இல் இயற்றிய நூலில் நாற்கரப் பரப்புக்குத் தூல விதியையும் சூக்கும விதியையும் அருகருகே வைத்தார். பாஸ்கரரின் லீலாவதி (1150) வட்டத்தின் சுற்றளவுக்கு 3927/1250 என்பதை நுட்பத்துக்கும் 22/7 என்பதை நடைமுறைக்கும் உரியதாகச் சொல்கிறது. போதையனார் பாடல் தூல வகையைச் சாரும். செவ்வக மூலைவிட்டம் பற்றிய முழு விதியோ போதாயன சுல்ப சூத்திரத்தில் உள்ளது. பெயரொலி ஒப்புமை ஒன்றே கொண்டு போதாயனரையும் போதையனாரையும் ஒருவராக்குதல் பொருந்தாது.

பாடலின் மொழியும் மிகு பழமைக்கு இடந்தரவில்லை. ‘கர்ணம்’ என்னும் வடசொல் ஒருபுறம் இருக்க, ‘சேர்த்தால்’ என்னும் எச்சமே போதிய சான்று. தொல்காப்பியர் எண்ணிய வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ உண்டு, ‘செய்தால்’ இல்லை. அவ்வடிவம் பிற்காலத்தே பெருவழக்குப் பெற்றது.

பாடல் வெளிப்படக் கூறாத நிபந்தனை ஒன்றும் உண்டு. நீளம் உயரத்தினும் மிக்கிருத்தல் வேண்டும். தாழ்ந்த கூரைச் சரிவில் இது இயல்பாகவே அமையும். செங்குத்தான சரிவில், நீளம் 3, உயரம் 4 என மாறினால், அதே விதி 5-க்குப் பதிலாக 4⅝ எனத் தரும்.