படியிறங்கிய பெருமை

ஊத்தங்கரையும், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியும் பழைய சேலம் மாவட்டத்தின் பகுதிகள். 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்குவன. தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1917இல் அந்நகராட்சியின் தலைவரானவர். ஆயினும் 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, குடிசையில் குடியமர்ந்தார்; கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்புப் பணிகளில் தொண்டருள் ஒருவராய் உழைத்தார்.

1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். 1950இல் அப்பதவி முடிவுற்றபின் நேருவின் அமைச்சரவையில் ஓர் அமைச்சராய் அமர்ந்தார். 1952இல் சென்னை மாநில முதல்வரானார். படியிறங்குதல் அவருக்கு இழிவாகப் படவில்லை.

எனினும் 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம் குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டது. 1954இல் பதவி துறந்தார். தொண்டுள்ளம் மட்டும் போதாது; தொண்டு பெறுவோர் குரலுக்குச் செவிசாய்த்தலும் தலைமைக்குரிய கடனே.