கந்தபுராணப் படனம்

கந்தபுராணப் படனம் என்பது, அடியார்கள் கூடியிருக்க ஒருவர் முருகனின் வரலாறு கூறும் கந்தபுராணத்தின் பாடல்களை இராகத்துடன் படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்கும் கூட்டு வாசிப்பு மரபு. யாழ்ப்பாணச் சைவக் கோயில்களில் ஆழ வேரூன்றியது.

நூல்: தமிழ்க் கந்தபுராணத்தை இயற்றிய கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சிபுரம் குமரகோட்டம் முருகன் கோயிலின் அர்ச்சகர். அவர் காலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆறு காண்டங்களும் 10,000க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட இந்நூல் குமரகோட்டத்திலேயே அரங்கேறியது. முதற்பாடலின் புணர்ச்சியை அவையில் ஒருவர் மறுத்ததாகவும், வீரசோழியம் என்னும் இலக்கண நூலின் விதி காட்டி அத்தடை நீக்கப்பட்டதாகவும் மரபுக்கதை கூறும். இக்கதைப்படி பார்த்தால், கூடிக் கேட்டலும் வினவலும் இந்நூலுக்குத் தொடக்கம் முதலே உரியவை.

முறை: படிப்பவர் சொற்களைப் பிரித்து இசையோடு பாடுவார். பொருள் கூறுதல் ‘பயன் சொல்லுதல்’ எனப்படும். இதற்கு இலக்கணமும் சைவ சித்தாந்தமும் கற்ற புலமை வேண்டும். நூல் பெரிது, ஆகவே பகுதி பகுதியாக, பல நாள் தொடர்ந்து படிக்கப்படும்.

சிறப்பு: ஆறுமுக நாவலர் (1822–1879) கந்தபுராணத்தை உரைநடையில் எழுதிப் பரப்பினார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) இந்நூலின் தட்ச காண்டத்துக்கு உரை கண்டார். யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்றே குறித்தார். எழுத்தறியாதவரும் செவிவழியே பெருங்காப்பியம் ஒன்றை முழுமையாகக் கற்க வழிசெய்தது இம்மரபின் ஒப்பற்ற கொடை.