பழைய மருந்துக்குப் புதிய வேலை: வீட்டுத் தகரத்திலல்ல, ஆய்வில்

அம்மாவிடம் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மருந்து கிடைப்பதே அரிது என்பதால், மிஞ்சும் குளிசைகளை அதில் சேர்த்து வைக்கப் பழகியவர். போன மாரியில் மூன்று கிழமையாக இருமிய மாமாவுக்கு அதிலிருந்து ஸ்டீரொயிட் குளிசைகளைக் கொடுத்தார். “உதுவும் நெஞ்சுக்குத் தந்த மருந்துதானே” என்றார். இருமல் கொஞ்சம் தணிந்தது. ஒரு மாதம் கழித்துச் செய்த சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரியவந்தது.

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நோய்க்கென வந்த மருந்து இன்னொன்றுக்கும் உதவலாம். இதனை மருந்து மறுபயன்பாடு என்கிறார்கள். பாதுகாப்பான அளவும் பக்கவிளைவுகளும் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் காலமும் செலவும் மிச்சமாகின்றன.

குளோபாசிமின் நல்ல உதாரணம். 1950களில் டப்ளினில் காசநோய்க்காக உருவாக்கப்பட்ட இது, தொழுநோய்க்கே முதலில் கைகொடுத்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த தொழுநோய்க் கூட்டுச் சிகிச்சையிலும் இடம்பெற்றது. இப்போது மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கும் கொடுக்கப்படுகிறது.

லினேசோலிட் 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நிமோனியா, தோல் தொற்று போன்றவற்றுக்காக. பின்னர் தென்னாபிரிக்காவில், கடுமையான மருந்தெதிர்ப்புக் காசநோயுள்ள 109 பேருக்கு பெடாகுயிலின், பிரிட்டோமனிட் ஆகியவற்றுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 90 வீதமானோர் நல்ல பலன் பெற்றனர். ஆனால் 81 வீதமானோருக்குக் கை கால் நரம்புகளில் பாதிப்பும் ஏற்பட்டது. அதனால்தான் அளவைக் குறைத்து மீண்டும் ஆராய்ந்தார்கள்.

ஸ்டீரொயிட்டுக்கும் இடமுண்டு. நிமோனியாவில் கிருமி மட்டுமன்றி, அதை எதிர்க்கும் உடலின் அழற்சியும் நுரையீரலைச் சேதப்படுத்தும். 2023இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த கடும் நிமோனியா நோயாளர்களுக்கு ஹைட்ரோகோட்டிசோன் வழங்கப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோர் 6.2 வீதம், வழங்கப்படாதோரில் 11.9 வீதம்.

ஆனால் அவர்கள் கிருமிக்கான மருந்தும் பெற்றார்கள், வைத்தியர்களின் கண்காணிப்பிலும் இருந்தார்கள். மாமாவுக்கோ என்ன நோயென்றே தெரியாது. ஸ்டீரொயிட் உடலின் எதிர்ப்பை அடக்கும். அடையாளம் காணப்படாத காசநோய் அந்த இடைவெளியில் வளரும். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இப்படித்தான்: காசநோயை அரைகுறையாகத் தணித்து, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும்.

இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று சளியைப் பரிசோதியுங்கள். இலங்கையில் காசநோய்ச் சிகிச்சை இலவசம். மாமா ஆறு மாத மருந்தையும் ஒழுங்காகக் குடித்து முடித்து, இப்போது தோட்டத்துக்குப் போகிறார். தகரத்திலிருந்த குளிசைகளை அம்மாவும் நானுமாக வைத்தியசாலையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். உங்கள் வீட்டிலும் அப்படியொரு தகரம் இருந்தால், இன்றைக்கே திறந்து பாருங்கள்.