வளைகுடாவில் இணையப் படிவங்கள்: குக்கீயும் ஸ்கிரிப்டும் தடுமாறும் இடங்கள்

2007ஆம் ஆண்டு பிறந்த வேளையில், கத்தாரிலிருந்து கணக்கு இல்லாமல் விக்கிபீடியாவைத் திருத்த முனைந்தவர்கள் சில மணிநேரம் தடுக்கப்பட்டனர். யாரோ சிலரது விஷமத்துக்காக ஒரேயொரு ஐபி முகவரி மீது விதிக்கப்பட்ட தடை அது. ஆனால் அந்த முகவரிக்குப் பின்னால் கிட்டத்தட்ட அந்த நாடே இருந்தது. க்யூடெல் நிறுவனம் வாடிக்கையாளர்களின் இணையப் போக்குவரத்தை ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைக் கணினி வழியாக அனுப்பி வந்ததே காரணம்.

வளைகுடாவில் இது புதுமையல்ல. 1999இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட சவுதி அரேபியா, வெளிநாட்டுப் போக்குவரத்து முழுவதையும் ரியாதில் உள்ள மன்னர் அப்துல் அஜீஸ் அறிவியல் தொழில்நுட்ப நகரம் வழியாகவே செலுத்தியது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் எதிசலாத் நிறுவனமும் ப்ராக்ஸி வைத்திருந்தது. தணிக்கைக்காக அமைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், படிவம் நிரப்புவோருக்கும் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது.

இணையதளம் ஒன்று தன் வாசலுக்கு வந்தவர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் சிறு குறிப்பே குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். சில தளங்கள், பாதுகாப்பு கருதி, குக்கீயை ஐபி முகவரியோடும் பிணைத்து வைக்கின்றன. பல ப்ராக்ஸிகள் மாறிமாறிப் பணியாற்றும் நாட்டில், படிவத்தின் முதல் பக்கம் ஒரு முகவரியிலிருந்தும் இரண்டாம் பக்கம் வேறொன்றிலிருந்தும் போய்ச் சேரலாம். தளம் ஐயுற்று, பயனரை வெளியேற்றிவிடும். கைபேசி இணைப்பிலிருந்து வைஃபைக்கு மாறும்போது இன்றும் இதே நிலை ஏற்படக்கூடும்.

இதற்கு விபிஎன் பயன்படுத்துமாறு நண்பர்கள் யோசனை கூறுவதுண்டு. ஆனால் எமிரேட்ஸில் குற்றம் புரியும் நோக்கிலோ, குற்றத்தை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்க 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்தது. வேறொரு இணைப்பில் முயன்று பார்ப்பதே உசிதம்.

கணினியின் கடிகாரமும் குழப்பம் விளைவிக்கும். ஊர் நேரம் தெரியவேண்டும் என்பதற்காக, நேர வலயத்தை மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் ஒன்றரை மணிநேரம் முன்னே நகர்த்தி வைப்பவர்கள் உண்டு. குக்கீயில் தளம் எழுதியுள்ள காலாவதி நேரத்தை ஸ்கிரிப்ட் அந்தக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால், அரை மணிநேரம் செல்லுபடியாக வேண்டிய அமர்வு பிறக்கும்போதே முடிந்துபோனதாகத் தோன்றும். வலயத்தைச் சரியாக வைத்து, இந்திய நேரத்துக்கு இரண்டாவது கடிகாரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது எளிது.

இவை எல்லாவற்றையும் விடப் பணத்தோடு தொடர்புடைய கோளாறு ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் கூகுளின் குரோம் 80 வெளியானதையொட்டி, பிற தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளுடன் குக்கீயை அனுப்பும் விதி படிப்படியாக இறுக்கப்பட்டது. கோவிட் காரணமாக ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்ட மாற்றம் ஜூலையில் மீண்டும் தொடங்கியது. கட்டணப் படிவத்திலிருந்து வங்கியின் பக்கத்துக்குச் சென்று, பணம் செலுத்தித் திரும்பும்போது, வங்கிப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் போஸ்ட் முறையில் படிவம் ஒன்றைத் தானாகச் சமர்ப்பிப்பது வழக்கம். அத்துடன் பழைய குக்கீ போகாவிட்டால், பணம் பிடிக்கப்பட்டிருந்தும் பயனர் முன் தோன்றுவது லாகின் பக்கம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உள்ளது. தளம் தன் விருப்பத்தைக் குறிப்பிடாத குக்கீக்கு, அது உருவாகி இரண்டு நிமிடம் வரை குரோம் விலக்கு அளித்தது. அலுவலகத்தில் விரைவாகச் சோதித்த நிரலாளருக்குக் கோளாறு தென்படாது. துபாயில் அமர்ந்து, ரோமிங்கில் உள்ள இந்திய எண்ணுக்கு ஓடிபி வரும்வரை காத்திருப்பவருக்கோ அந்த இரண்டு நிமிடம் கடந்துவிடும். கோளாறு அவருக்கு மட்டும் நேர்வதன் மர்மம் இதுதான். இத்தகைய நேரத்தில் உடனே மறுபடியும் பணம் செலுத்தலாகாது. வங்கிக் கணக்கைப் பார்த்து, பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு முறையிடுவதே வழி. தளத்தை நடத்துவோர் அந்தக் குக்கீயில் சேம்சைட் என்ற குறிப்பை நன் என்றும், கூடவே செக்யூர் என்றும் எழுதவேண்டும்.

குக்கீ இருந்தும் ஸ்கிரிப்டுக்குத் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது ஹெச்டிடிபிஒன்லி என்று குறிக்கப்பட்டதாக இருக்கும். அதை நீக்கிப் பார்க்கத் தோன்றும், நீக்கக்கூடாது. பக்கத்தில் எப்படியோ புகுந்துவிட்ட அந்நிய ஸ்கிரிப்ட் அமர்வைத் திருடிச் செல்வதைத் தடுக்கவே 2002இல் மைக்ரோசாஃப்ட் அதைக் கொண்டுவந்தது. பலர் பகிர்ந்துகொள்ளும் விடுதிக் கணினியிலோ, பிரவுசிங் சென்டரிலோ வேலையை முடித்தபின் லாக் அவுட் செய்து குக்கீகளை அழிப்பதும் அவசியம். பிரவுசரை மூடினால் மட்டும் எல்லாக் குக்கீகளும் மறைந்துவிடுவதில்லை.