மணவேலியும் மரபணுவும்

ஆதிபுராணம் இயற்றிய ஆசாரியர் ஜினசேனர், மானிட சாதி ஒன்றே என்றும், தொழில் வேறுபாட்டால் அது நான்காக வழங்கலாயிற்று என்றும் 9ஆம் நூற்றாண்டிலேயே உரைத்தார். தமிழ்ச் சமணர் இல்லங்களில் படிக்கப்பெறும் ஸ்ரீபுராணம் அம்மரபில் வந்ததே. அவர் கூற்றை நினைவூட்டும் ஆய்வுகள் அண்மையில் ஐதராபாத்திலிருந்து வெளிவந்துள்ளன.

அங்குள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக்குடன் இணைந்து 25 இந்தியச் சமூகங்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்தியப் பெருநிலத்தின் பெரும்பாலான சமூகங்கள் இரு தொன்மையான மக்கட் கூட்டங்களின் கலப்பில் தோன்றியவை என்பது புலப்பட்டது. அக்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நிகழ்ந்தது என 2013இல் கணித்தனர். பகவான் மகாவீரர் அறமுரைத்த காலமும் இவ்வெல்லைக்குள் அடங்குவது கருதத்தக்கது. பின்னர் மணவேலி எழுந்தது.

அவ்வேலியின் வலிமைக்கு ஆந்திர நாட்டு வைசியர் சான்றாவர். (அவர்தம் பழம்பெயராகிய கோமட்டி என்பதைக் கோமடேசுவரரோடு இணைப்பாரும் உளர், அது உறுதியன்று.) அண்டை வீட்டாரோடு ஒரே தெலுங்கைப் பேசி, ஒரே கடைவீதியில் வாழ்ந்தும், அவர்கள் 2,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறு எண்ணிக்கையிலான முன்னோரின் வழியினராகவே நிலைத்துள்ளனர். தலைமுறைக்கு நூற்றுக்கு ஒருவர் வெளியிலிருந்து கலந்திருந்தாலும் அச்சுவடு அழிந்திருக்கும் என்கிறார் ரைக். நூல்கள் விதித்த அகமணம் ஏட்டளவில் நின்றதெனக் கருதிய வரலாற்றறிஞர்க்கு இது தக்க விடை.

இதற்கு விலையும் உண்டு. அறுவை மருத்துவத்தின்போது தசைகளைத் தளர்த்தத் தரப்படும் மருந்தைச் சிதைக்கும் நொதி வைசியருள் சிலருக்குக் குறைவு. பிறர் சில நிமிடங்களில் மீள, அவர்கள் நெடுநேரம் தாமாக மூச்சுவிட இயலாது கிடப்பர். ஆதலின் மயக்க மருத்துவர்கள் அச்சமூகத்தாரிடம் முன்னெச்சரிக்கை கொள்கின்றனர். நெருங்கிய உறவில் மணந்ததால் மட்டும் விளைவதன்று இக்குறை. கோத்திரம் விலக்கி, உறவறியாத இருவர் மணந்தாலும், தொல்முன்னோர் ஒருவரே எனில் அது சேயை அடையக்கூடும்.

260க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, 81 சமூகங்களில் இத்தகைய முன்னோர்ச் சுவடு அஷ்கெனாசி யூதரிடம் காண்பதினும் ஆழமானது எனக் கண்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் சிறு வட்டத்துள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வரும் நயினார் குடும்பங்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. அந்த யூதர்கள் 1983 முதல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டுள்ளனர். இளைஞர் குருதிச் சோதனை செய்துகொள்வர்; முடிவுக்குப் பதிலாக ஓர் எண் மட்டுமே தரப்படும். சம்பந்தம் பேசுமுன் இரு வீட்டாரும் எண்களைக் கூறி, பொருத்தம் உண்டா என்று மட்டும் கேட்டறிவர். எவர் குடும்பத்தின் பெயரும் வெளிப்படுவதில்லை.