முன்னேயே போட்டு வைக்கும் கணக்கு: இணையப்பக்கமும் கம்பைலரும்

கம்பைலர் என்றதும் கல்லூரித் தேர்வுத்தாள்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1986-இல் ஆஹோ, சேத்தி, உல்மன் மூவரும் எழுதிய, அட்டையில் டிராகன் படம் போட்ட புத்தகத்தைப் புரட்டாமல் இத்துறைக்கு வந்தவர் எங்கள் காலத்தில் குறைவு. மனிதன் எழுதும் நிரலை எந்திரத்துக்கு ஏற்ற வடிவில் முன்னதாகவே மாற்றித் தருவது கம்பைலர். 1957-இல் ஃபோர்ட்ரான் வந்தபோது, கையால் எழுதிய நிரலுக்கு இது ஈடாகுமா என்று வல்லுநர்களே சந்தேகப்பட்டார்கள். ஜான் பாக்கஸ் குழுவினர் ஓட்டிக் காட்டினார்கள். அந்தப் பழைய வழக்கு உலாவிக்குள் மறுபடி வந்ததே இக்கட்டுரையின் பொருள்.

1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கினார். சின்னச் சின்ன வேலைக்கென்று பிறந்த மொழி அது. 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் வந்தபின் பக்கம் என்பது முழு மென்பொருளாகிவிட்டது. சுமை யார் தலையில்? பார்ப்பவரின் கணினி தலையில். எனவே 2006-இல் வந்த கூகுள் வெப் டூல்கிட், ஜாவாவில் எழுதியதை ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனி ஜாவாஸ்கிரிப்டாக முன்கூட்டியே மாற்றி வைத்தது. 2009-இல் வெளியிட்ட குளோஷர் கம்பைலர் தேவையற்ற நிரலை வெட்டியெறிந்தது.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-இல் உருவானது. அங்கே வேலை, ஆரியசாலையில் வீடு என்று இருந்தவன் நான். எங்கள் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இணையத்தில் விலைப்பட்டியல் போட்டிருந்தார். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்க கம்ப்யூட்டர்ல சட்டுன்னு தெறக்கு. என் போன்ல தெறக்கதுக்குள்ள யாவாரி அடுத்த கடைக்குப் போயிருவாம்லா!"

ஒரு விலை மாறினாலும் பட்டியல் முழுவதையும் போன் திரும்பக் கணக்குப் பார்க்கிறது என்று விளக்கினேன். "மாறாத சரக்குக்குக் கணக்கப்பிள்ளை காலம்பற ஒருதடவ போட்டு வச்சாப் போதாதா? ஆளு வரவர எதுக்குக் கூட்டணும்?" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

2013-இல் வெளியான ரியாக்ட், தகவல் மாறும்போது அந்தப் பகுதியின் நிரலையும் அதன் கீழுள்ளவற்றையும் மறுபடி ஓட்டி, பழையதோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் திரையில் திருத்துகிறது. வீண் ஓட்டத்தைத் தவிர்க்க, 'இதை நினைவில் வை' என்று ஆங்காங்கே கையால் எழுத வேண்டியிருந்தது. ஒன்று விட்டுப்போனாலும் பயனில்லை. 2016-இல் ரிச் ஹாரிஸ் தந்த ஸ்வெல்ட், எந்தத் தகவல் எந்த இடத்தைத் தொடும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே முடிவுசெய்தது. ரியாக்ட் குழுவினரும் தங்கள் கம்பைலர் முயற்சியை 2021-இல் அறிவித்தார்கள். 2024 மே மாநாட்டில் அதன் உள்வேலையை மோஃபெய் ஜாங்குடன் சேர்ந்து விளக்கியவர் சத்யா குணசேகரன். பெயரைக் கேட்டதும் நமக்கு ஒரு சந்தோஷம் வரத்தானே செய்யும்! 2025 அக்டோபரில் முதல் நிலையான பதிப்பு வந்தது.

எந்த மதிப்பு எதைச் சார்ந்தது என்று அது ஆராய்ந்து, 'உள்ளே வருவது மாறவில்லையென்றால் பழைய விடையே போதும்' என்ற வரிகளைத் தானே சேர்த்துவிடும். விதியை மீறிய நிரல் என்று கண்டுகொண்டால் அப்பகுதியைத் தொடாமல் விட்டுவிடும். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மெட்டாவின் குவெஸ்ட் ஸ்டோரில் பக்கம் முதலில் திறப்பது 12 சதவீதம் வரை மேம்பட்டதாகவும், சில செயல்பாடுகள் 2.5 மடங்குக்கு மேல் வேகம் பெற்றதாகவும் அக்குழுவினர் தெரிவித்துள்ளனர்.

ஆனால் கம்பைலர் சர்வரோக நிவாரணி அல்ல. அண்ணாச்சியின் பக்கத்தில் மிளகாய் மூட்டைப் படங்களே பெரும் பாரம். அவற்றைச் சுருக்கியதுமே பாதித் தொல்லை தீர்ந்தது. அந்த வேலையை ரியாக்ட் கம்பைலர் செய்யாது. இத்தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பழைய நிரலில் கையால் எழுதிய நினைவு வரிகளை அவசரப்பட்டு அழிக்காமல், நன்றாகச் சோதித்த பிறகே எடுக்கும்படி ரியாக்ட் குழுவினரே கூறியிருக்கிறார்கள்.